பழி சுமத்தி வேலையை விட்டு நிறுத்தினால்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரித் தொழிலாளர்களுக்கு

ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு செம்புக் கம்பித் துண்டு. நான் வைக்கவில்லை என்கிறீர்கள். செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறார். அரை மணி நேரத்தில் ஹெச்.ஆர். அறை. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுப்பா. போலீஸ் கேஸ்னு எதுவும் வேணாம். பி.எஃப். எல்லாம் ஒழுங்கா வந்துடும்."

ஓசூர் சிப்காட்டில் அது கம்பியாக இருக்கும், பர்கூர் பக்கம் தைத்த துணியாக இருக்கும், ஜவுளிக் கடையில் கல்லாப் பணமாக இருக்கும், சூப்பர்வைசரைக் கைநீட்டி அடித்தார் என்ற புகாராகவும் இருக்கும். எதுவானாலும் வழக்கில் பாதி அந்த அறையிலேயே முடிந்துவிடுகிறது. அன்றைக்கு எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதுதான் பின்னால் லேபர் ஆபீஸில் எழும் முதல் கேள்வி.

எதில் கையெழுத்து, எதில் கூடாது

ராஜினாமாக் கடிதம் எழுதவே கூடாது. எழுதிவிட்டால் "நாங்கள் நீக்கவில்லை, அவரே போனார்" என்று நிர்வாகம் சொல்லும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

மன்னிப்புக் கடிதம் அதைவிட மோசம். "தெரியாமல் நடந்துவிட்டது, இனிமேல் நடக்காது" என்ற ஒரே வரி போதும், அது ஒப்புதல் ஆகிவிடும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கிரிமினல் கோர்ட்டில் செல்லாது. கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தது என்கொயரியில், அதாவது கம்பெனி தானே நடத்தும் விசாரணையில், செல்லும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும்.

விளக்கம் கேட்கும் நோட்டீஸ், சார்ஜ் ஷீட் (கம்பெனி தரும் குற்றச்சாட்டுப் பட்டியல்), சஸ்பென்ஷன் ஆர்டர் ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். பலர் கோபத்தில் இதை மறுத்துவிட்டு, எழுதக் கூடாத மன்னிப்பை எழுதிக் கொடுக்கிறார்கள். நோட்டீஸை வாங்க மறுத்தால் இரண்டு சாட்சி வைத்து "மறுத்தார்" என்று குறித்து, நீங்கள் இல்லாமலே என்கொயரியை நடத்தி முடித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அன்று இரவே ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்கும் வாட்ஸப்புக்கும் இப்படி அனுப்புங்கள்: "இன்று மாலை 6 மணிக்கு ஹெச்.ஆர். அறையில் என்னிடம் எழுதி வாங்கிய கடிதம் என் விருப்பத்தின்படி எழுதியதல்ல. போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்று சொன்னதால் எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். நாளை வழக்கம்போல் வேலைக்கு வருவேன்." மறுநாள் காலையில் இதையே தாளில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால், யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது என்பார்கள்.

"நாளையிலிருந்து வராதே" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினாலும் மறுநாள் ஷிஃப்ட் நேரத்துக்குக் கேட்டுக்குப் போய் நில்லுங்கள். குறைந்தது மூன்று நாள். உள்ளே விடவில்லை என்றால் நேரமும் இடமும் பதிவாகும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இன்று காலை 6 மணி ஷிஃப்டுக்கு வந்தேன், கேட்டில் நிறுத்திவிட்டார்கள்" என்று ஹெச்.ஆருக்குச் செய்தி அனுப்புங்கள். போகாமல் வீட்டில் இருந்தால், "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று ரிஜிஸ்டரில் ஏறிவிடும். நீக்கியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத நிலையில் இந்தச் செய்திகள்தான் ஆதாரம்.

கையோடு சேர்க்க வேண்டியவை

ஐ.டி. கார்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், அட்டெண்டன்ஸ் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், லைன் வாட்ஸப் குழுவின் உரையாடல் (எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு) எல்லாவற்றையும் சேருங்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கும் பெண்களை அன்றிரவே காலி செய்யச் சொல்வது உண்டு. அப்படியானால் பெட்டியைப் பூட்டும் முன் உள்ளே இருப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள், "அறையில் இன்னொரு பொருள் கிடைத்தது" என்று பிறகு சொல்ல இடமிருக்காது.

சி.சி.டி.வி. பதிவு நிரந்தரமாக இருப்பதில்லை. டிஸ்க் நிறைந்ததும் பழையது அழிந்து அதன்மேல் புதியது பதியும். ஆகவே முதல் இரண்டு நாளிலேயே, "இந்தத் தேதியில் 2 மணி முதல் 2.45 வரை லாக்கர் அறை வாசல், கேட் எண் 2 கேமரா பதிவுகளைப் பாதுகாத்து எனக்குப் பிரதி தரவும்" என்று எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள், பெரும்பாலும். ஆனால் நீங்கள் கேட்டது பதிவாகிவிட்டது. பிறகு "பதிவு இல்லை" என்று அவர்கள் சொல்லும்போது அந்தக் கடிதம் உங்கள் பக்கம் பேசும்.

சார்ஜ் ஷீட்டுக்குப் பதில்

முதலில் காலக்கெடுவைப் பாருங்கள், 48 மணி நேரம், 3 நாள், 7 நாள் என்று ஏதாவது இருக்கும். போதவில்லை என்றால் அந்தக் கெடு முடியும் முன்பே கூடுதல் நாள் கேட்டு எழுதுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்திருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். ஓசூரில் தெலுங்கோ கன்னடமோ மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிக் கேட்கலாம். குற்றச்சாட்டு புரிய வேண்டும் என்பது அடிப்படை நியாயம்.

பதில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அதே எண் போட்டு "மறுக்கிறேன்" என்று எழுதுங்கள். சூப்பர்வைசரோடு உள்ள பழைய பகை, சங்கம் வைத்ததால் பழிவாங்குகிறார்கள் என்பது போன்றவற்றைத் தேதியும் சாட்சியும் இருந்தால் மட்டும் இரண்டு வரியில் சொல்லுங்கள். முழுக் கதையையும் இப்போதே கொட்டினால், என்கொயரியில் வரும் சாட்சிகள் அதற்கேற்பத் தயாராகி வருவார்கள். கடைசியில் கேட்க வேண்டியவை: புகாரின் பிரதி, ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல், ஸ்டேண்டிங் ஆர்டர் (ஆலையின் பணி விதிகள்) பிரதி.

என்கொயரி அறையில்

என்கொயரியைப் புறக்கணிக்காதீர்கள். "எல்லாம் நாடகம்" என்று போகாமல் இருந்தவர்கள்தான் பின்னால் கோர்ட்டில் திணறுகிறார்கள். நாடகமாகவே இருக்கட்டும், அதன் வசனம் தாளில் ஏற வேண்டும்.

உதவிக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். நியாயத்தை உரக்கப் பேசுபவரைவிட நிதானமாக எழுதத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள். நிர்வாகத் தரப்பில் வக்கீல் வந்தால் உங்களுக்கும் வக்கீல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

குறுக்கு விசாரணையில் "ஏன் பொய் சொல்கிறாய்?" என்று கேட்பதால் ஒன்றும் கிடைக்காது. கேட்டில் சோதித்தவரிடம் கேட்க வேண்டியவை வேறு. பை அப்போது யார் கையில் இருந்தது? நான் இருக்கும்போது திறந்தீர்களா, இல்லாதபோதா? மணி என்ன? கூட யார் நின்றார்கள்? பொருளை எடை போட்டீர்களா, சீல் வைத்தீர்களா? இப்போது அது எங்கே? என் லாக்கருக்கு எத்தனை சாவி, மற்றது யாரிடம்? ஸ்டோரில் அந்தப் பொருள் குறைந்ததாகக் கணக்கு உண்டா? கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் வராது. ஸ்கிராப்புக்குக் கணக்கே இருக்காது.

ஒவ்வொரு நாள் முடிவிலும் நடவடிக்கைக் குறிப்பைப் படித்த பிறகே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திடுங்கள். நீங்கள் கேட்ட கேள்வி விடுபட்டிருந்தால் கையெழுத்துக்கு மேலேயே "எனது கேள்வி பதிவாகவில்லை" என்று எழுதுங்கள். அன்றே பிரதி வாங்குங்கள்.

விசாரணை அதிகாரியின் அறிக்கை உங்களுக்குத் தரப்பட வேண்டும். அதன்மேல் உங்கள் கருத்தைக் கேட்டு இரண்டாவது நோட்டீஸ் வரும். பலரும் இதைச் சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். எத்தனை ஆண்டு சர்வீஸ், இதுவரை ஒரு மெமோகூட இல்லை என்பதையெல்லாம் இங்கேதான் சேர்க்க வேண்டும். தண்டனை அளவுக்கு மீறியது என்று பட்டால் கோர்ட் அதைக் குறைக்கலாம், அப்போது பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

சஸ்பென்ஷனில் இருக்கும்போது

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், 90 முதல் 180 நாள் வரை 75 சதவீதம், அதற்குமேல் முழுச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். மாதம் 18,000 ரூபாய் வாங்கியவருக்கு முதலில் 9,000, பிறகு 13,500, பிறகு 18,000. தராவிட்டால் உடனே எழுதிக் கேளுங்கள், "பிழைப்பூதியம் வராததால் என்கொயரிக்கு வர பஸ் செலவுக்கும் பணம் இல்லை" என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். நம் எல்லையை ஒட்டிய கே.ஜி.எஃப். (கோலார் தங்க வயல்) பாரத் கோல்டு மைன்ஸ் வழக்கில் நடந்தது இதுதான். வீட்டில் தங்கம் சிக்கியதாகச் சொல்லி ஓர் ஊழியரைச் சஸ்பெண்ட் செய்தார்கள், பிழைப்பூதியம் தரவில்லை, அவர் வர முடியாத நிலையில் என்கொயரியை முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். அதே சோதனையை வைத்துப் போட்ட கிரிமினல் வழக்கில் அவர் விடுதலையானார். 1999இல் சுப்ரீம் கோர்ட் அந்த டிஸ்மிஸலை ரத்து செய்தது.

டிஸ்மிஸ் ஆர்டர் வந்துவிட்டது: எந்த வாசல்?

இங்கே பிசகினால் ஆறு மாதம் வீணாகும்.

ஆலையில் உடலுழைப்பு, டெக்னிக்கல், கிளார்க் வேலை பார்த்தவர் என்றால் லேபர் ஆபீஸில், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கப் பார்க்கும் சமரச அலுவலரிடம் மனு. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இது 2ஏ மனு, இன்றும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் கோர்ட்டுக்குப் போக 3 ஆண்டு அவகாசம் இருந்தது, புதியதில் தகராறு எழுந்து 2 ஆண்டுக்கு மேல் ஆனால் சமரசமே நடத்த முடியாது. "மூணு வருஷம் டைம் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்டர் வந்த மாதமே மனு போடுங்கள். சங்கத்தின் ஆதரவு தேவையில்லை, தனி ஆளாகவே போடலாம்.

கடை, ஷோரூம், ஓட்டல், தனியார் அலுவலகம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. குற்றம் சாட்டி உடனே நீக்க வேண்டுமானால் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். 41ஆம் பிரிவின்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கெடு 30 நாள்தான். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடைகளிலோ தருமபுரி ஜவுளிக் கடைகளிலோ வேலை பார்ப்பவர்கள், முதலாளி திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்தே இந்த 30 நாளைத் தவறவிடுகிறார்கள்.

சூப்பர்வைசர், டீம் லீடர் என்று கார்டில் போட்டிருப்பதாலேயே நீங்கள் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. மெஷினில் நின்று வேலை பார்த்தீர்களா, லீவு கொடுக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். உண்மையிலேயே சூப்பர்வைசர் வேலையாக இருந்தால் மட்டும் சம்பள வரம்பு வரும், பழைய சட்டத்தில் 10,000, புதியதில் 18,000 ரூபாய்.

கான்ட்ராக்ட் ஆள் என்றால் கான்ட்ராக்டர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் "எங்கள் ஆள் இல்லை" என்று கழன்றுகொள்வார். அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவானவருக்கு இந்த வழி இல்லை, அவர் அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரிடம்தான் போக வேண்டும். டிரெயினி என்று பெயரை மட்டும் வைத்து உற்பத்தியில் நிறுத்தியிருந்தால் கதை வேறு, மனு போடலாம்.

ஓசூரில் வீடு, வேலை அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ ஜிகினியிலோ என்றால் உங்கள் மனு கர்நாடகத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது, வேலை பார்த்த இடம்தான் கணக்கு.

மனுவும் சமரசமும்

வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, டோக்கன் நம்பர், வேலை, சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், கம்பெனியின் முழுப் பெயரும் முகவரியும், நடந்தது தேதி வாரியாக. கோரிக்கையை இதே சொற்களில் எழுதுங்கள்: "பணித் தொடர்ச்சியுடனும் முழுப் பின்சம்பளத்துடனும் இதர பலன்களுடனும் மீண்டும் வேலை வழங்க வேண்டும்." பின்சம்பளம் என்றால் நீக்கிய நாளிலிருந்து வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளம். வெறும் "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் எதைத் தருவது? எதிர்த்தரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி, அலுவலகத்துக்கு ஒன்று, உங்கள் பிரதியில் சீலும் தேதியும்.

ஊதிய உயர்வோ வேறு கோரிக்கையோ சமரச அலுவலரிடம் நிலுவையில் இருக்கும்போது உங்களை டிஸ்மிஸ் செய்திருந்தால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அந்த நேரத்தில் டிஸ்மிஸ் செய்யும் நிர்வாகம் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த அதிகாரியிடம் ஒப்புதலுக்கும் மனு போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் அந்த ஆர்டர் நிற்காது. சங்கப் பேச்சு நடக்கும் ஆலைகளில் இது பலமுறை உதவும் புள்ளி.

சமரசத்தில் கம்பெனி ஆள் முதல் வாய்தாவுக்கு வராமல் இருப்பது சாதாரணம். நீங்கள் ஒன்றைக்கூட விடாதீர்கள். பணம் கொடுத்து முடிக்கலாம் என்று பேச்சு வந்தால், சட்டப்படி எப்படியும் வர வேண்டிய கிராஜுவிட்டி (பணிக்கொடை), லீவு சம்பளம், போனஸ் ஆகியவற்றைத் தனியாகக் கணக்குப் போட்டு ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் பணத்தையே உங்களுக்குக் கொடுத்து "செட்டில்மெண்ட்" என்பார்கள்.

45 நாளில் முடியவில்லை என்றால் கோர்ட்டுக்கு. புதிய தொகுப்பில் சமரச அலுவலரின் அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் (இந்த வழக்குகளுக்கான கோர்ட்) மனு போட வேண்டும். அறிக்கை வந்த உறையை, போஸ்ட் ஆபீஸ் முத்திரையோடு, கிழிக்காமல் வையுங்கள். எந்த ஊர் கோர்ட் என்பதைச் சமரச அலுவலகத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் வக்கீல் வேண்டும். தொழில்துறைத் தொழிலாளி, பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வருமானத்தைப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100.

என்கொயரியில் ஓட்டை இருந்தாலே வேலை திரும்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். குற்றச்சாட்டைக் கோர்ட்டிலேயே புதிதாக நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு. சர்வீஸ் குறைவாக இருந்தால் வேலைக்குப் பதில் இழப்பீடு கொடுத்து முடிப்பதும் நடக்கும். பின்சம்பளம் கேட்கும்போது இடைக்காலத்தில் வேறு வருமானம் இல்லை என்று பிரமாணம் எடுக்க வேண்டும். கிடைத்த வேலையைச் செய்யலாம், தவறில்லை, ஆனால் மறைக்கக் கூடாது. புதிய இடத்தின் பி.எஃப். வரவை எதிர்த்தரப்பு தேடி எடுத்துவிடும்.

போலீஸ் புகார், பாலியல் புகார்

திருட்டு என்றால் ஊழியர் திருட்டுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 306ஆம் பிரிவில் புகார் வரலாம். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். "பணத்தைக் கட்டிவிடு, விட்டுவிடுகிறோம்" என்று சொன்னதும் கட்டுவது, செய்தேன் என்று சொல்வதற்குச் சமம். கிரிமினல் வழக்கில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பாது, லேபர் பக்கத்து மனு தனியாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேஸ் முடியட்டும் என்று காத்திருந்து கெடுவை விட்டவர்கள் ஏராளம்.

பாலியல் தொல்லைப் புகார் என்றால் 2013 சட்டத்தின்படி, இதற்கென்றே கம்பெனிக்குள் அமைக்கும் உள்ளகக் குழுதான் விசாரிக்க வேண்டும், ஹெச்.ஆர். தனியாக முடிவெடுக்க முடியாது. புகாரின் பிரதி 7 வேலை நாளில் உங்களுக்கு வர வேண்டும், கிடைத்த 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். இங்கே எந்தத் தரப்புக்கும் வக்கீல் கிடையாது. குழுவின் முடிவுப்படி நடவடிக்கை எடுத்தால் மேல்முறையீட்டுக்கு 90 நாள். புகார் கொடுத்த பெண்ணோடு நேரிலோ வேறு ஆள் மூலமோ பேசுவது, லைன் குழுவில் அவர் பெயரைப் போடுவது இரண்டும் உங்களுக்கு எதிரான புதிய குற்றச்சாட்டாகிவிடும். அந்தச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது.

வர வேண்டிய பணம்

வழக்கு ஓடினாலும் இது நிற்கக் கூடாது. நீக்கிய இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்பது ஊதியச் சட்டத்தொகுப்பின் விதி. பி.எஃப். தொகையில் கம்பெனி கை வைக்க முடியாது. கிராஜுவிட்டி ஐந்தாண்டு சர்வீஸுக்கு. கடைசி பேசிக், டி.ஏ. சேர்ந்து 15,600 ரூபாய் என்றால் அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க 9,000 வரும், 6 ஆண்டுக்கு 54,000. சேதம் செய்தார், ஒழுக்கக்கேடான குற்றம் செய்தார் என்று சொல்லிக் கிராஜுவிட்டியில் பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு என்பதால், பிடித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணம் வாங்கும்போது "முழுவதும் பெற்றேன், வேறு பாத்தியதை இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டினால், "ஆட்சேபணையுடன், வேலை கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றேன்" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேங்கில் போடச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பி.எஃப். தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, விலகிய தேதியும் காரணமும் என்னவென்று பாருங்கள். டிஸ்மிஸ் செய்துவிட்டு அங்கே "ராஜினாமா" என்று ஏற்றியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனுவோடு சேர்த்துவிடுங்கள்.